சல்லடையில் காவிப் பட்டை

எதைச் சேர்த்தால் வெடிமருந்து வேகமாக எரியும் என்று கேட்டுச் சீனியம்மாளிடம் வருகிறவர்கள் ஏராளம். எவன் எதைச் சேர்த்தான் என்று கேட்டு வந்தவர் அய்யாத்துரை ஒருவர்தான்.

குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்தொன்று. இதைச் சொன்னால் சிலருக்குச் சிரிப்பு வரும். ஊரிலும் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கு வேறு வேலை வந்துவிட்டது.

ஊருக்குக் கிழக்கே, கரிசல் காட்டில், பஸ் ரோட்டை ஒட்டி, பழைய மைல்கல் ஒன்றைப் படுக்கப் போட்டு அதன் முதுகில் ஒரு முழ நீளத்துக்குப் பள்ளம் வெட்டி வைத்திருந்தாள் சீனியம்மாள். விரல் அகலம், அரை விரல் ஆழம். கோயில் திருவிழாக்களுக்கு வாணம் செய்து கொடுக்கும் பட்டறைகள் அந்தப் பக்கத்தில் ஏழெட்டு உண்டு. வாணம் என்றால் வேறொன்றுமில்லை, குச்சி கட்டிய பெரிய ராக்கெட். அதன் குழலில் அடைக்கும் மருந்தில் ஒரு கரண்டியை டப்பாவில் போட்டு அவளிடம் கொண்டுவருவார்கள். அவள் அதைப் பள்ளத்தில் நிரப்பி, கத்தி முதுகால் வழித்துவிட்டு, ஒரு முனையில் தீ வைப்பாள். மறு முனைக்குத் தீ போய்ச் சேர எத்தனை விநாடி என்று பார்ப்பாள். பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார் ஓய்வு பெறும்போது கொடுத்துவிட்டுப் போன ஸ்டாப் வாட்ச் அவள் கழுத்தில் எப்போதும் தொங்கும்.

"ஒன்பது. நல்லா ஏறும்."

"பதிமூணு. பாதி வழியில உக்காந்துரும்."

"ஆறு. இதைக் குழல்ல அடைக்காதீங்க. ஆள் தாங்காது."

அவ்வளவுதான் அவள் பேச்சு. பொழுதுபோக்குக்காகச் சின்ன ராக்கெட் செய்து விடுகிற கல்லூரி மாணவர்கள்கூட பைக்கில் வந்து அவளிடம் எரித்துப் பார்த்துக்கொண்டு போவார்கள். எரித்த எண்ணை எல்லாம் கொண்டுவந்தவர் பேரோடு கொட்டகைச் சுவரில் கரியால் எழுதி வைப்பாள்.

அய்யாத்துரை முப்பது வருஷம் வாணப் பட்டறை நடத்தியவர். அவரிடம் மருந்து கூட்டினவர் கனிராஜ். சாமான்களை அளவு பார்த்துக் கலந்து சலித்துக் கொடுப்பதுதான் கூட்டுவது. ஒவ்வொரு கூட்டிலும் முதல் வாணத்தைக் கூட்டினவரே விட வேண்டும் என்பது அந்தப் பட்டறைகளில் ஒரு முறை. என் கையை நான் நம்புகிறேன் என்று எல்லோருக்கும் காட்டுவதற்கு. போன வருஷம் விஜயதசமி அன்று காலையில் கனிராஜ் முதல் வாணத்தைக் கம்பத்தில் சாய்த்துத் திரிக்குத் தீ வைத்தார். அது மேலே ஏறவில்லை. கம்பத்திலேயே வெடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கனிராஜ் போய்ச் சேர்ந்துவிட்டார்.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தார்கள். எட்டுப் பேர் கேட்க, அய்யாத்துரை ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்.

"கூட்டுற கை மிஞ்சிருச்சுங்கய்யா."

சாமானை அளவுக்கு மேல் போட்டுவிட்டார் என்று எழுதிக்கொண்டார்கள். பட்டறையை மூடிவைத்து, தவறு தொழிலாளியுடையது என்பதால் ஒரு வருஷம் கழித்து வருகிற தை மாசத்துக்கு மேல் லைசென்ஸைத் திருப்பித் தரலாம் என்றார்கள். அந்த வாக்கியம் அங்கேயே நிற்கவில்லை. சாயங்காலத்துக்குள் டீக்கடைக்கு வந்தது. மறுநாள் எல்லாப் பட்டறைக்கும் போனது. கனிராஜ் என்ற பேர் போய் 'கை மிஞ்சினவன்' என்று ஆயிற்று. அவருடைய மனைவி வள்ளித்தாய் வாணத்துக்குக் குழல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தவள். கை மிஞ்சின வீட்டில் சுற்றிய குழல் வேண்டாம் என்று ஒரு பட்டறை சொன்னது. மற்ற பட்டறைகள் சொல்லக்கூட இல்லை, காகிதம் அனுப்புவதை நிறுத்திக்கொண்டன. காகிதக் குழலுக்கும் செத்துப்போனவர் கைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க அந்த ஊரில் ஒருவருக்கும் வாய் இல்லை.

அய்யாத்துரை மாசி மாசத்தில் சீனியம்மாளிடம் வந்தார். வெயிலில் நின்றுகொண்டே பேசினார்.

"தாயி, எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். கனிராஜ் அன்னைக்கு எதைக் கூடுதலாப் போட்டான்?"

"தெரிஞ்சு?"

"மனசு ஆறும்."

"யார் மனசு?"

அவர் துண்டால் கழுத்து வேர்வையைத் துடைத்தார்.

"வாயால சொல்லிக் குடுக்கிற ஆள் நான் இல்ல, அண்ணாச்சி. எரிச்சுத்தான் காட்டுவேன். நாளைக்கு வாங்க. டப்பா எதுவும் கொண்டு வராதீங்க."

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். முதல் மாசம் முழுக்க அவர் செய்தது ஒரே வேலை. எரிந்த பள்ளத்தைத் துடைப்பது. ஈரத்துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம், பிறகு விரலால் தடவிப் பார்ப்பது. முதலாளியாக இருந்தவர் குனிந்து துடைக்கப் பழகுவதற்கு ஒரு மாசம் அதிகமில்லை.

"எதுக்கு இத்தனை தரம் துடைக்கணும்?" என்று ஒருநாள் கேட்டார்.

"நேத்து எரிஞ்சது இன்னைக்கு எரியுறதோட சேரக் கூடாது."

பங்குனியில் அவரை மருந்து கூட்டச் சொன்னாள். கனிராஜின் அளவிலேயே கூட்டச் சொன்னாள். அவருக்கு அது தெரியும், முப்பது வருஷம் பக்கத்தில் நின்று பார்த்தவர். முதல் தரம் எரித்தபோது பன்னிரண்டு வந்தது. அடுத்த தரம் எட்டு. ஒன்பது வருவதற்கு அவருக்குப் பத்தொன்பது நாள் ஆயிற்று.

"கனிராஜ் எப்பக் கூட்டினாலும் ஒன்பது வரும்" என்றாள் சீனியம்மாள்.

"பழக்கம்" என்றார் அய்யாத்துரை.

"ஆமா, அவருக்கு" என்றாள் அவள்.

பிறகு சேர்மானங்கள். ஒரு நாளைக்கு ஒன்று. அதே ஒன்பது விநாடி மருந்து, அதோடு ஒரே ஒரு புதுச் சாமான், ஒரே ஒரு சிட்டிகை. கரியை அப்படியே கொரகொரப்பாகப் போட்டுப் பார்த்தார்கள். தீ தயங்கித் தயங்கிப் போயிற்று. அதையே மை போல அரைத்துப் போட்டபோது ஓடிற்று. மெழுகைச் சீவிப் போட்டார்கள். பள்ளத்தில் புகைதான் அதிகம், தீ நகர மனசில்லாமல் நகர்ந்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு நாளில் ஒன்றுமே சேர்க்காமல் எரித்தார்கள். பத்தரை வந்தது.

"இன்னைக்கு நான் ஒண்ணும் போடலையே" என்றார் அய்யாத்துரை.

"ஈரம் போட்டிருக்கு."

"அதை யாரு போட்டா?"

"போடுறதுக்கு ஆள் எதுக்கு அண்ணாச்சி? கதவு திறந்திருந்தாப் போதும்."

சமையல் சோடா போட்ட நாளில் அவர் ஆச்சரியப்பட்டார். அடுப்படியில் கிடக்கிற சாமான். ஒரு சிட்டிகைக்குப் பதினான்கு விநாடி ஆயிற்று. இரண்டு சிட்டிகைக்குத் தீ நடுவழியிலேயே அணைந்துபோயிற்று. அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தார்.

"மெதுவாக்குறதுக்கும் ஒரு சாமான் இருக்கு பாருங்க தாயி. கனிராஜ் இதை ஒரு சிட்டிகை போட்டிருந்தா இன்னைக்கு இருந்திருப்பான்."

சீனியம்மாள் அவரை ஒருதரம் பார்த்துவிட்டு ஸ்டாப் வாட்சைத் துடைத்தாள். எனக்கு இதை எழுதும்போதே கை கூசுகிறது. அவளுக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று தெரியவில்லை.

ஆவணியில் ஒருநாள் ஒரு காவிக்கட்டியைக் கொண்டுவந்து கல்லின் மேல் வைத்தாள். வாசல் கோலத்துக்குக் கரை கட்டவும், கோயில் சுவரில் பட்டை அடிக்கவும் வாங்குவார்களே, அதே காவி.

"இது எரியுமா, அண்ணாச்சி?"

"காவி எங்கயாவது எரியுமா? மண்ணு தாயி அது."

அவள் அதில் கொஞ்சம் பொடி செய்து, இரும்புக் கரண்டியில் போட்டுத் தீயில் காட்டினாள். கரண்டி சிவந்தது. காவி சும்மா கிடந்தது. அப்புறம் ஒன்பது விநாடி மருந்தில் ஒரு சிட்டிகை கலந்து, பள்ளத்தில் நிரப்பித் தீ வைத்தாள்.

அய்யாத்துரை தன்னை அறியாமல் இரண்டு எட்டுப் பின்னால் போனார். தீ சீறிக்கொண்டு மறு முனைக்குப் பாய்ந்துவிட்டது.

"அஞ்சரை" என்றாள்.

"எரியாத மண்ணு எப்படித் தாயி இந்த ஓட்டம் ஓட்டுது?"

"தான் எரியாது. பக்கத்துல இருக்கிறதை எரிய விடும்."

"அப்புறம் அது என்ன ஆகும்?"

அவள் விரலை நனைத்துப் பள்ளத்துச் சாம்பலைத் தொட்டுக் காட்டினாள். விரல் நுனியில் சிவப்பு இருந்தது.

"என்ன ஆகும்? இங்கதான் இருக்கு, அப்படியே."

அய்யாத்துரையின் முகம் சட்டென்று தெளிந்தது. ஆறு மாசமாகத் தேடியது கிடைத்துவிட்டது என்கிற தெளிவு.

"அப்ப கனிராஜ் காவியைத்தான் போட்டிருக்கான்!"

"எதுக்குப் போடணும்?"

"வாணம் உயரமா ஏறணும்னுதான். சூரசம்ஹாரத்துக்கு ஆர்டர் குடுக்கக் கோயில் கமிட்டிக்காரங்க வந்திருந்தாங்கல்ல. அவங்க முன்னாடி பேர் வாங்கணும்னு."

"யாருக்குப் பேர்?"

அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. சீனியம்மாள் அவரைக் கொட்டகைச் சுவரிடம் கூட்டிப்போனாள். கனிராஜ் பேருக்கு நேராகக் கரியால் எழுதிய எண்கள் இருந்தன. ஒன்பது, ஒன்பது, ஒன்பது. பதினோரு வருஷத்து ஒன்பதுகள். கடைசி ஒன்பது, ஆயுத பூஜைக்கு முந்தின நாள்.

"இது அவர் வெடிச்சுச் செத்த அந்தக் கூட்டுதான். கூட்டி முடிச்சு என்கிட்டக் கொண்டு வந்தாரு. அப்ப இதுல காவி இல்ல."

"அதுக்கு அப்புறம் போட்டிருப்பான்."

"அதுக்கு அப்புறம்தான் விழுந்திருக்கு" என்றாள் அவள்.

குரு ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று எண்ணி அன்று அய்யாத்துரை இரண்டு கவளம் கூடுதலாகச் சாப்பிட்டார். அவர் வீட்டில் அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்கள்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. பூஜைக்கு முந்தின நாள் அவர் கூட்டிய மருந்து ஒன்பது காட்டியது. சீனியம்மாள் பூஜைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போகக் கிளம்பினாள்.

"சாமான்களைக் கழுவி வைங்க அண்ணாச்சி. சாமி கும்பிடுறது உங்க இஷ்டப்படி."

அவருக்கு அதில் ஒரு பெருமை. பூஜை நாளன்று காலையில் குளித்துவிட்டு வந்து எல்லாவற்றையும் கழுவிக் காயவைத்தார். கரண்டிக்கும் தராசுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தார். சல்லடைக்கு மட்டும், மர வளையம் ஆனதால், காவிக்கட்டியை உரசித் தண்ணீரில் கரைத்து உள்ளும் புறமும் பட்டை பட்டையாகப் பூசினார். பட்டைக்கு நடுவே சுண்ணாம்புப் புள்ளி வைத்தார். சூடம் காட்டினார். சல்லடை புதுப்பெண் மாதிரி இருந்தது. அன்று முழுக்க எதையும் தொடவில்லை, தொடக் கூடாது என்பது முறை.

மறுநாள் விஜயதசமி. பூஜைக்கு ஓய்ந்த வேலையை அன்று தொடங்க வேண்டும். ஒரு நாள் கிடந்த மருந்து கட்டி தட்டியிருக்கும், அதனால் முதல் வேலை அதை மறுபடி சலிப்பது. காலையில் திரும்பி வந்த சீனியம்மாள் சல்லடையைப் பார்த்தாள். கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். அப்படியே அதைக் குடத்துப் பக்கம் கொண்டுபோனாள்.

"தாயி, தாயி!" என்று ஓடிவந்தார் அய்யாத்துரை. "பூஜை போட்டதை மறுநாளே கழுவக் கூடாது. குடும்பத்துக்கு ஆகாது."

அவள் குடத்தின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றாள்.

"கழுவக் கூடாதா?"

"மூணு நாள் இருக்கணும். அதுதான் முறை."

"சரி. அப்ப நீங்களே சலிங்க."

அவர் சலித்தார். மர வளையத்தை உள்ளங்கையால் தட்டித் தட்டித்தான் சலிக்க முடியும். தட்டினார். நல்ல கைப்பழக்கம், மருந்து மெத்தென்று விழுந்தது. பள்ளத்தில் நிரப்பி, கத்தி முதுகால் வழித்து, தீ வைத்தார்.

தீ சீறிக்கொண்டு பாய்ந்தது.

சீனியம்மாள் ஸ்டாப் வாட்சை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஆறு.

"எங்கயோ தப்பு. பள்ளத்தைச் சரியாத் துடைக்கலை போல."

துடைத்தார். ஈரத்துணி, காய்ந்த துணி, விரல். இன்னொரு கரண்டி சலித்து இன்னொரு தரம் எரித்தார். ஆறுக்கும் குறைவு.

"நான் ஒண்ணுமே போடலையே, தாயி! சத்தியமாப் போடலை!"

"கனிராஜும் அதைத்தான் சொல்லியிருப்பாரு."

அவர் கையில் கத்தி அப்படியே நின்றது. அவள் சல்லடையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, உள் வளையத்தில் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தாள். காய்ந்த காவி பொடிப்பொடியாக உதிர்ந்து சல்லடைக் கண்ணுக்குள் விழுந்தது.

"காவியை எதுல கரைச்சீங்க?"

"பச்சைத் தண்ணியில."

"கனிராஜ் எதுல கரைப்பாரு?"

"கஞ்சியில. சோத்துக் கஞ்சியில கரைச்சாத்தான் உதிராம ஒட்டும்பான். வருஷா வருஷம் அவன்தான் பட்டை…"

நிறுத்திக்கொண்டார்.

"போன வருஷம்?" என்றாள் சீனியம்மாள்.

ரோட்டில் ஒரு லாரி போயிற்று. அவர் கத்தியைக் கல்லின் மேல் வைத்தார்.

"போன வருஷம் கமிட்டிக்காரங்க வந்திருந்தாங்க. போட்டோ எடுத்தாங்க. மொதலாளி கையால பூஜை நடக்குற மாதிரி இருக்கட்டும்னாங்க. நான்தான் பட்டை போட்டேன். புதுச் சல்லடை. கஞ்சிக்கு நேரமில்லை."

"இப்பக் கழுவக் கூடாதுன்னு சொன்னீங்களே. அதை இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா, அண்ணாச்சி?"

அய்யாத்துரை கல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

சொல்லியிருந்தார். போன விஜயதசமி காலையில் கனிராஜ் அந்தப் புதுச் சல்லடையோடு குழாயடியில் நின்றுகொண்டு, "மொதலாளி, காவி உதிருது, ஒரு அலசு அலசிட்டு வந்துர்றேன்" என்று கேட்டார். கமிட்டிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். "பூஜை போட்டதைக் கழுவுவியாடா, அறிவிருக்கா உனக்கு? ஆளுங்க காத்திருக்காங்க, சலி!" என்று எல்லோர் முன்னாலும் சத்தம் போட்டார் அய்யாத்துரை. கனிராஜ் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். கூட்டினவரே முதல் வாணத்தை விட வேண்டும் என்பதால், அரை மணி நேரம் கழித்துக் கம்பத்தடிக்கும் அவரே போனார்.

இதை அய்யாத்துரை மறந்திருந்தார் என்று எழுத எனக்கு மனசு வரவில்லை. நினைக்காமல் இருந்தார்.

கல்லின் ஓரத்திலிருந்து எழாமலே அவர் கேட்டார்.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா, தாயி?"

"ஒன்பது தெரியும். அதைப் போய் விசாரணையில சொன்னேன். சுவத்துல கரியால கிறுக்குறதெல்லாம் சாட்சியாம்மான்னு கேட்டாங்க. கம்பத்தடிச் சாம்பல்ல காவிச் சிவப்பு இருந்ததைப் பாத்தேன். அது எப்படி விழுந்துச்சுன்னு மட்டும் தெரியாது. அது உங்ககிட்ட இருந்துச்சு. நீங்களாக் கொண்டு வருவீங்கன்னு எட்டு மாசம் உக்காந்திருந்தேன். அவ்வளவு நாள் உக்காந்திருந்தது என் தப்பு. வள்ளித்தாய் வீட்டு அடுப்புக்கு எட்டு மாசம் காத்திருக்கத் தெரியாது."

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"எங்க சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க. அவங்க எழுதிக்கட்டும், ஊரும் கேக்கட்டும். வள்ளித்தாய் வெள்ளிக்கிழமை பத்து மணி பஸ்ஸுக்குத் திருப்பூர் மில்லுக்குப் போறா. அதுக்கு முன்னாடி சொன்னா அவளுக்குக் காகிதம் வரும், குழல் சுத்தலாம். சொந்த வீட்டுல இருக்கலாம்."

அன்று செவ்வாய்க்கிழமை. புதன்கிழமை அவர் வெளியே வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம், தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, வள்ளித்தாய் வீட்டுக்குப் பின்பக்கமாகப் போனார். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே சொல்லி முடித்தார். சல்லடை, காவி, குழாயடி, எல்லாவற்றையும் சொன்னார். அழுதார். பொய் அழுகை இல்லை அது.

வள்ளித்தாய் சாக்கின் வாயை இழுத்துக் கட்டினாள்.

"இதை எதுக்கு எனக்குச் சொல்றீங்க? என் வீட்டுக்காரர் கை எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க."

"சொல்றேன்த்தா. கொஞ்சம் பொறு."

"சத்தமாச் சொன்னது நீங்க. இப்ப ஏன் கொல்லைப்பக்கமா வந்து நிக்கிறீங்க?"

அவர் வந்த வழியே போனார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அய்யாத்துரை மைல்கல்லுக்கு வந்தார். சவரம் செய்து வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். சீனியம்மாள் ஒரு கணம் அவர் அதிகாரிகளிடம் போகக் கிளம்பிவிட்டார் என்று நினைத்தாள்.

"சொல்லிட்டீங்களா?"

"வள்ளித்தாய்கிட்டச் சொல்லிட்டேன்."

"அங்க?"

"தாயி, ஒரு நிமிஷம் கேளுங்க. லைசென்சு தை மாசம் வருது. இன்னும் மூணே மாசம். இப்பப் போய் வாயைத் திறந்தா முப்பது வருஷப் பட்டறை போச்சு. அது வந்து கையில கிடைக்கட்டும். மறுநாளே எட்டுப் பேர் என்ன, எண்பது பேர் முன்னாடி சொல்றேன். வள்ளித்தாயைத் திருப்பூர்ல இருந்து நானே கார் வச்சுக் கூட்டிட்டு வாரேன்."

அவள் ஈரத்துணியை எடுத்துப் பள்ளத்தைத் துடைத்தாள்.

"ஓட விடுறதுக்கு ஒரு சேர்மானம் இருந்தா, மெதுவாப் போறதுக்கும் ஒண்ணு இருக்குன்னு நீங்கதான தாயி காட்டிக் குடுத்தீங்க. எல்லாத்தையும் ஒரேயடியாப் பத்த வைக்கணுமா?"

படித்த பாடத்தை அவர் இப்படித் திருப்பிச் சொல்வார் என்று சீனியம்மாள் எதிர்பார்க்கவில்லை. அவள் முகம் ஒரு கணம் செத்துப் போயிற்று. ரோட்டைப் பார்த்தாள்.

பத்து மணி பஸ் ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தது. கூட்டமில்லை. ஜன்னலோரத்தில் மடியில் சாக்கை வைத்துக்கொண்டு வள்ளித்தாய் உட்கார்ந்திருந்தாள். மைல்கல்லைப் பார்த்தாள், வெள்ளை வேட்டியைப் பார்த்தாள். அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அய்யாத்துரை கையை உயர்த்தினார். பாதி உயரத்தில் அதைக் கீழே விட்டார். பஸ் வளைவில் திரும்பிப் போயே போயிற்று.

"தையில கண்டிப்பாச் சொல்லிருவேன்" என்றார், யாரிடம் என்று தெரியாமல்.

சீனியம்மாள் விஜயதசமி அன்று சலித்து மிச்சமிருந்த காவி விழுந்த மருந்தை டப்பாவிலிருந்து எடுத்தாள். பள்ளத்தில் நிரப்பினாள். கத்தி முதுகால் வழித்தாள். தீ வைத்தாள். சீறிக்கொண்டு போய் முடிந்தது. ஆறு விநாடி. கல்லின் மேல் ஒரு முழத்துக்குச் சாம்பல் கிடந்தது.

பிறகு அவள் சோடா டப்பாவைத் திறந்தாள். ஒரு சிட்டிகை எடுத்துச் சாம்பலின் மேல் தூவினாள். இன்னொரு சிட்டிகை தூவினாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், ஒரு இடம் விடாமல், பொறுமையாகத் தூவிக்கொண்டே போனாள். முடிந்ததும் கத்தி முதுகால் ஒழுங்காக வழித்துவிட்டாள். கழுத்திலிருந்து ஸ்டாப் வாட்சைக் கழற்றி, ஓடவிட்டு, கல்லின் மேல் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அய்யாத்துரையும் பார்த்தார். முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. இன்னொரு சுற்றுச் சுற்றியது. அவருக்குப் பொறுக்கவில்லை.

"எரிஞ்சு முடிஞ்சதுல சோடாவைப் போட்டு என்ன பிரயோஜனம், தாயி?"

சீனியம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"தை மாசம்னு நீங்கதான் சொன்னீங்க, அண்ணாச்சி."